கணக்கிலும் கருணை கண்ட ஜே. சி. குமரப்பா

தொண்டு என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது எது? பசித்தவர்க்குச் சோறிடும் கையும், நோயுற்றவர் அருகில் விழித்திருக்கும் முகமும்தாம். கணக்குப் புத்தகத்தின்முன் குனிந்து வரவு செலவைக் கூட்டிக் கழிக்கும் மனிதரைத் தொண்டர் என்று எண்ண நமக்குத் தோன்றுவதில்லை. ஆயினும் அத்தகைய தொண்டர் ஒருவர் நம் தமிழ் மண்ணில் தோன்றினார். பேரிடரால் பாழான ஒரு மாநிலத்தில் அவர் ஆற்றிய பணியை அறிந்துகொள்வது மாணவியராகிய நமக்குப் பெரிதும் பயன் தரும்.

ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ் என்பது அவருக்கு இட்ட பெயர். 1892ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 4ஆம் நாள் தஞ்சாவூரில் கிறிஸ்தவக் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தையார் சாலமோன் துரைசாமி கொர்னேலியஸ் பொதுப்பணித் துறையில் அலுவலர். தாயார் எஸ்தர் ராஜநாயகம் பக்தி மிக்கவர். சென்னையில் கல்வி கற்ற பின் லண்டன் மாநகர் சென்று கணக்காளர் பயிற்சி பெற்றார். 1919இல் தாயகம் திரும்பி, பம்பாயில் தணிக்கையாளராகத் தொழில் நடத்தினார். மேல்நாட்டு உடையும் மேல்நாட்டு வாழ்க்கை முறையும் அன்று அவருக்குப் பிடித்தமாக இருந்தன.

1927இல் அமெரிக்கா சென்றார். சிராக்யூஸ் பல்கலைக்கழகத்திலும், பின்னர் கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் பயின்றார். அங்கே ஒரு தேவாலயத்தில், இந்தியா ஏன் ஏழை நாடாக இருக்கிறது என்பது குறித்து உரையாற்றினார். அச்செய்தி நாளேட்டில் வெளிவந்தது. அதைக் கண்ட பேராசிரியர் செலிக்மன் அதனையே ஆராயும்படி தூண்டினார். ஆராய ஆராய உண்மை புலப்பட்டது. ஏழைகளிடம் வாங்கும் வரி ஏழைகளுக்குத் திரும்பவில்லை என்பதைப் புள்ளிவிவரங்களே அவருக்குக் காட்டின. கணக்கு அவருடைய கண்களைத் திறந்தது.

1929 மே மாதம் சபர்மதி ஆசிரமத்தில் காந்தியடிகளைச் சந்தித்தார். அன்றுமுதல் அவர் வாழ்வு புதுவழியில் திரும்பியது. கோட்டும் சூட்டும் போயின, கதர் வந்தது. கொர்னேலியஸ் என்ற பெயர் போய், குமரப்பா என்ற குடும்பப் பெயர் நிலைத்தது. குஜராத்தில் மாத்தர் வட்டத்துச் சிற்றூர்களின் பொருளாதார நிலையை ஆராய்ந்து எழுதினார். காந்தியடிகளின் இதழான யங் இந்தியாவில் எழுதியதற்காகச் சிறை சென்றார். விடுதலை இயக்கத்தை ஆதரிக்கத் தயங்கிய அன்றைய ஆங்கிலேயத் திருச்சபைத் தலைவர்களை அஞ்சாது கேள்வி கேட்டார். கிறிஸ்துவைப் பின்பற்றுவோர் ஏழையின் பக்கமே நிற்கவேண்டும் என்பது அவரது உறுதியான எண்ணம்.

1934 ஜனவரி 15ஆம் நாள் பிற்பகல் இரண்டு மணிக்குச் சற்றுப் பின்னர் வட பீகாரும் நேபாளமும் குலுங்கின. ரிக்டர் அளவில் ஏறத்தாழ 8 எனக் கணிக்கப்படும் பெரும் நிலநடுக்கம் அது. முங்கேர், முசாபர்பூர் நகரங்கள் இடிபாடுகளாயின. இரு நாடுகளிலும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நிலம் பிளந்து, அடியிலிருந்து நீரும் மணலும் பீறிட்டன. வயல்கள் மணல்மேடாயின, கிணறுகள் தூர்ந்தன. உயிர் தப்பியவர்க்குக் குடிக்க நீருமில்லை, உழ நிலமுமில்லை. பழம்பெருமை வாய்ந்த பெத்தியா கத்தோலிக்க ஆலயமும் இடிந்தது. அது மீண்டும் எழும்பப் பல்லாண்டுகள் ஆயின.

அப்போது தமிழ்நாட்டில் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்த காந்தியடிகள், திருநெல்வேலியில் பேசுகையில், தீண்டாமை என்னும் பாவத்திற்கு இறைவன் தந்த தண்டனையே இந்த அழிவு என்று கூறினார். கவியரசர் தாகூர் அதை ஏற்கவில்லை. இயற்கையின் நிகழ்ச்சியை மனிதரின் பாவத்தோடு முடிச்சிடலாகாது என்று மறுத்தார். சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் அல்லர் என்று நம் ஆண்டவரும் போதித்திருக்கிறார் அல்லவா? துன்பத்தில் வீழ்ந்தவரிடம் காரணம் கேட்டு நிற்பது நம் வேலையன்று. கைகொடுத்துத் தூக்குவதே நம் வேலை.

அவ்வாறு கைகொடுக்கப் பலர் முன்வந்தனர். தீனபந்து எனப் போற்றப்பட்ட சி. எஃப். ஆண்ட்ரூஸ், இந்திய நிலநடுக்கத்தைப் பற்றி நூலெழுதிப் பிரிட்டிஷ் மக்களின் மனத்தைத் தொட்டார். சுவிட்சர்லாந்து நாட்டுக் கிறிஸ்தவரான பியேர் செரசோல் என்னும் பொறியாளர், தோழர்களுடன் கடல்கடந்து பீகாருக்கு வந்தார். மண்வெட்டி ஏந்தி, கிராம மக்களோடு மக்களாகப் புதிய குடியிருப்புகளைக் கட்டினார். சிறையிலிருந்து விடுவிக்கப்பட்ட ராஜேந்திர பிரசாத், பீகார் மத்திய நிவாரணக் குழுவை அமைத்தார். நாடெங்குமிருந்து இலட்சக்கணக்கான ரூபாய் வந்து குவிந்தது.

பணம் வந்தால் போதுமா? அது எவ்வழி வந்தது, எவ்வழி சென்றது என்பதற்குச் சான்று வேண்டாவா? மாவட்டங்கள் தோறும் சிதறிக் கிடந்த நிவாரண மையங்களில் பணிபுரிந்த தொண்டர்களுக்குத் தியாக உணர்வு இருந்தது. கணக்கெழுதும் பழக்கம் இல்லை. எனவே நிதிப் பொறுப்பு குமரப்பாவிடம் வந்தது. அவர் பீகார் சென்று, ஒவ்வொரு காசுக்கும் ரசீது வேண்டும் என்ற ஒழுங்கை ஏற்படுத்தினார். தொண்டரின் உணவுச் செலவு நாளொன்றுக்கு மூன்று அணாவைத் தாண்டக்கூடாது என்று வரையறுத்தார்.

அவ்வேளையில் காந்தியடிகள் தம் குழுவினருடன் பீகாருக்கு வந்தார். அவர்களுடைய உணவுச் செலவு அந்த வரம்புக்குள் அடங்காது. பெரியவர் ஆயிற்றே என்று குமரப்பா விதியைத் தளர்த்தினாரா? இல்லை. அச்செலவுக்கு வேறு ஏற்பாடு செய்துகொள்ளுமாறு செயலாளர் மகாதேவ தேசாயிடம் கூறிவிட்டார். செய்தி காந்தியடிகளுக்கு எட்டியது. குமரப்பாவை அழைத்துக் கேட்டார். இது இடருற்ற மக்களுக்கென்று பொதுமக்கள் தந்த பணம். இதைக் காப்பவர்கள் நாம், உரியவர்கள் அவர்களே என்பதைக் குமரப்பா விளக்கினார். காந்தியடிகள் அதை முழுமனதோடு ஏற்றுக்கொண்டார். விதியைத் தலைவருக்கும் பொதுவாக்கிய தொண்டரும் பெரியவர். அதற்குப் பணிந்த தலைவரும் பெரியவர்.

அதே 1934ஆம் ஆண்டின் இறுதியில் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் தோன்றியது. அதன் செயலாளராக வார்தாவில் இருந்து, எண்ணெய்ச் செக்கு, கைக்குத்தல் அரிசி, கைக்காகிதம் எனச் சிற்றூர்த் தொழில்களுக்கு உயிரூட்டினார். வெள்ளையனே வெளியேறு இயக்க நாட்களில் மீண்டும் சிறை சென்றார். அங்கே நிலைத்து நிற்கும் பொருளாதாரம் பற்றி ஒரு நூலும், இயேசுவின் போதனையும் வாழ்வும் பற்றி ஒரு நூலும் எழுதினார். இரண்டுக்கும் காந்தியடிகளே முன்னுரை வழங்கினார். மணம் புரியாமல், உடைமை சேர்க்காமல் வாழ்ந்த குமரப்பா, தம் இறுதி ஆண்டுகளை மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டியில் காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்தார். 1960 ஜனவரி 30ஆம் நாள், காந்தியடிகள் மறைந்த அதே நாளில், இறைவனடி சேர்ந்தார்.

பீகார் எங்கோ இருக்கிறது, நமக்கென்ன என்று திருக்கழுக்குன்றத்தில் வாழும் நாம் எண்ணிவிட முடியுமா? 2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள், சுமத்திரா அருகே கடலடியில் நிலம் நடுங்கியது. சில மணி நேரத்திற்குள் அதன் அலை நம் மாமல்லபுரத்தையும் கல்பாக்கத்தையும் தாக்கியது. தமிழகக் கடலோரத்தில் ஏறத்தாழ எட்டாயிரம் பேர் மாண்டனர். அன்று ஆலயங்களும் கோயில்களும் பள்ளிவாசல்களும் பள்ளிக்கூடங்களும் கதவைத் திறந்தன. அரிசியும் துணியும் பணமும் எத்திசையிலிருந்தும் வந்தன. தந்தவர்களில் எத்தனையோ பேர் தாமே ஏழைகள்.

அன்புச் சகோதரிகளே! வெள்ளமோ புயலோ வரும்போதெல்லாம் நம் வகுப்புகளிலும் உண்டியல் சுற்றி வருகிறது. தின்பண்டத்திற்கென்று பெற்றோர் தந்த நாணயத்தை அதில் இடுகிறோம். அது நல்லது. அதோடு, திரட்டிய தொகையை அன்றன்றே எண்ணி எழுதுவதும், எங்கே சேர்ந்தது என்று அனைவருக்கும் அறிவிப்பதும் நம் கடமை. ஏழை விதவை காணிக்கையிட்ட இரண்டு காசுகளை ஆண்டவர் கவனித்தார். குமரப்பாவும் அத்தகைய காசுகளையே கவனித்தார். நாமும் கவனிக்கக் கற்றுக்கொள்வோமாக.