பிச்சைக்காரராய் வந்த குருவானவர்

கோயிலும் குருவும் இல்லாத ஊரில் நம் விசுவாசம் எத்தனை நாள் நிலைக்கும்?

இலங்கையின் கரையோரத்தை ஆண்ட ஒல்லாந்தர் கத்தோலிக்க வேதத்தைத் தடைசெய்து, குருக்களைத் துரத்தியிருந்தனர். 1687-ல் கோவாவிலிருந்து யோசேப் வாஸ் அடிகளார் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் சேர்ந்தார். கழுத்தில் செபமாலை தரித்து, வீடு வீடாய்ப் பிச்சை கேட்டு, மறைந்திருந்த விசுவாசிகளைக் கண்டறிந்தார். இரவில் அவர்களுக்குப் பூசை வைத்தார்.

1692-ல், சிங்கள அரசன் ஆண்ட கண்டியில், போர்த்துக்கேய ஒற்றனென்று சிறையிடப்பட்டார். 1697-ல் அங்கே வைசூரி பரவியபோது, உறவினரே கைவிட்ட நோயாளிகளைப் பராமரித்தார், இறந்தோரை அடக்கம்செய்தார். சிறையிட்ட அரசனே அவர் தொண்டை மெச்சினான்.

1711 ஜனவரி 16-ல் கண்டியிலேயே மரித்தார். 2015-ல் புனிதராக உயர்த்தப்பட்டார்.

வாசகரே, மாலைச் செபத்திற்கு அசட்டை வரும்போது, கதவடைத்து இருட்டில் செபித்த அக்குடும்பங்களை நினைத்துக்கொள்ளும்.