மண்ணில் ஒளிந்திருந்த எதிரியைக் கண்டவர்

எங்கட ஊர்த் தோட்டங்களிலை நல்லாய்க் காய்த்து நின்ற கத்தரி, தக்காளிக் கன்றுகள், இலை பச்சையாக இருக்கும்போதே பொசுக்கெண்டு வாடிச் சாவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். எவ்வளவு தண்ணி இறைத்தாலும் நிமிராது. மண்ணில் வாழும் ஒரு பக்டீரியாதான் இப்படிச் செய்வது. அதை 1896 இல் விவரித்து எழுதியவர் எர்வின் ஸ்மித் என்ற அமெரிக்க விஞ்ஞானி.

1854 இல் நியூயோர்க் மாநிலத்தில் பிறந்த இவர் ஒரு கமக்காரப் பிள்ளை. குடும்பம் பின்னர் மிச்சிகனுக்குக் குடிபெயர்ந்தது. பல்கலைக்கழகப் பட்டம் கிடைத்தபோது வயது 32. வந்த நாட்டிலை பிந்திப் படிக்கிறோமே என்று கவலைப்படும் எங்கட பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். அதே 1886 இல் அமெரிக்க விவசாயத் திணைக்களத்தில் சேர்ந்தார்.

பக்டீரியா பயிருக்கு நோய் தராது என்று ஜேர்மனியப் பேராசிரியர் அல்பிரட் பிஷர் அடித்துச் சொன்ன காலம் அது. ஸ்மித் கோபத்தோடு மட்டும் நிற்கவில்லை. பரிசோதனை முடிவுகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து அந்த வாதத்தில் வென்றார்.

1907 இல் ரவுண்சென்ட் என்பவரோடு சேர்ந்து இன்னொரு மண் பக்டீரியாவை அறிவித்தார். செடியின் அடித்தண்டில் காயம் பட்ட இடத்தால் புகுந்து, கழலை போன்ற கட்டியை உண்டாக்குவது அது. பெண்களுக்கு ஆய்வுகூடக் கதவு திறவாத அந்நாளில் நெல்லி பிரவுண் முதலிய பல பெண்களை ஸ்மித் வேலைக்குச் சேர்த்தார். இந்த ஆய்விலும் நெல்லி பிரவுணின் பங்கு பெரிது.

அந்தக் கட்டி புற்றுநோய் மாதிரி வளர்வதை ஸ்மித் கண்டார். ஆனால் ஏன் என்று அறியாமலே 1927 இல் காலமானார்.

விடை வர மேலும் 50 வருடங்கள் சென்றன. 1977 இல் மேரி டெல் சில்ற்றன் குழுவினர் அதைக் காட்டினர். அந்தப் பக்டீரியா தன் டி.என்.ஏ.யில் ஒரு துண்டை வெட்டி, செடியின் டி.என்.ஏ.யுக்குள்ளேயே செருகி விடுகிறது! அந்தத் துண்டிலுள்ள பரம்பரை அலகுகள் வளர்ச்சி ஓமோன்களை அளவுமீறிச் சுரக்கப் பண்ணுகின்றன. கலங்கள் பெருகிக் கட்டியாகின்றன. பக்டீரியாவுக்கு வேண்டிய சாப்பாட்டையும் செடியே தயாரித்துக் கொடுக்கிறது. வீட்டுக்குள் புகுந்த கள்ளன் வீட்டுக்காரனையே சமைக்க வைத்த கதைதான்.

இன்று அதே பக்டீரியாவைக் கொண்டு விரும்பிய பரம்பரை அலகுகளைப் பயிர்களுக்குள் செலுத்துகிறார்கள். ஸ்மித் இதொன்றையும் காணவில்லை. நட்டவரே பழம் பறிக்க வேண்டும் என்றில்லை. நட்டு வைப்பதுதான் எங்கட கடமை.