கதவைத் தட்டிய பெண்களுக்காகத் திறந்த வீடு: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் வாழ்க்கை

1930ஆம் ஆண்டு. மெட்ராசில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் வீட்டுக் கதவைச் சில இளம்பெண்கள் வந்து தட்டினார்கள். கோயிலில் பொட்டுக்கட்டி விடும் குடும்பங்களில் பிறந்தவர்கள் அவர்கள். அந்த வாழ்க்கை வேண்டாம் என்று வீட்டை விட்டு வந்துவிட்டார்கள். போவதற்கு வேறு இடம் கிடையாது.

அம்மையார் அவர்களை மாணவியர் விடுதியில் சேர்க்க அலைந்தார். பிராமணப் பெண்களுக்கான விடுதி மறுத்தது. மற்றவர்களுக்கான விடுதியும் மறுத்தது. சட்டமன்றத்தின் துணைத் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தவர் அவர். நகரத்தில் பேர் பெற்ற மருத்துவர். அப்படிப்பட்டவராலேயே அந்தப் பெண்களுக்கு ஓர் இரவு தங்க இடம் வாங்கித் தர முடியவில்லை. கடைசியில் தம் வீட்டிலேயே தங்க வைத்தார். அவ்வை இல்லம் பிறந்த கதை இதுதான்.

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் பிறந்து, தமிழ்ப்பள்ளியில் ஆத்திசூடி படித்தவர்களுக்கு அவ்வை என்ற பெயரை யாரும் விளக்க வேண்டியதில்லை. கணவன் பெயரோ மகன் பெயரோ சொல்லி அடையாளம் காட்டத் தேவையில்லாமல், தன் அறிவாலேயே ஊர் மதித்த கிழவி. ஆதரவற்ற பெண்களுக்கான வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைத்திருக்காது.

முத்துலட்சுமி 1886ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர் மகாராஜா கல்லூரியின் முதல்வர். தாயார் சந்திரம்மாள், கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் மரபு கொண்ட குலத்தில் வந்தவர். இந்தத் திருமணத்திற்காக ஐயரை அவருடைய உறவினர்கள் ஒதுக்கி வைத்தார்கள். பின்னாளில் கதவைத் தட்டிய பெண்களை அம்மையார் ஏன் திருப்பி அனுப்பவில்லை என்பதற்கு விடை இங்கேயே இருக்கிறது. தம் தாயின் குலத்தில் ஒரு பெண்ணுக்கு என்ன காத்திருக்கிறது என்பதை அவர் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

வயதுக்கு வந்த பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பும் வழக்கம் அன்று இல்லை. வீட்டிலேயே படித்து மெட்ரிக்குலேஷன் தேறினார். அதன் பிறகு ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் சேர விண்ணப்பித்தார். பையன்கள் கெட்டுப்போவார்கள், குலம் சரியில்லை என்று பலவாறு முணுமுணுப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அதைக் காதில் வாங்கவில்லை. சேர்த்துக்கொள்ள உத்தரவிட்டார், உதவித்தொகையும் தந்தார். கல்லூரியில் அவர் ஒருவர்தான் பெண்.

1907இல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் பட்டம் பெற்றார். பரிசுகளும் பதக்கங்களும் வரிசையாக வந்தன. மருத்துவமனைப் பணிக்குச் சேர்ந்தபோது அவருக்கு முன்னால் அங்கே ஹவுஸ் சர்ஜன் பதவியில் இந்தியப் பெண் ஒருவரும் இருந்ததில்லை.

1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். மணப்பதற்கு முன் ஒரு நிபந்தனை வைத்தார்: தம்மைச் சரிசமமாக மதிக்க வேண்டும், தம் விருப்பத்துக்குக் குறுக்கே நிற்கக் கூடாது. சுந்தர ரெட்டி ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டதைக் காப்பாற்றவும் செய்தார். பின்னாளில் வீடு நிறைய ஊரார் பிள்ளைகள் வந்து தங்கியபோது அந்த வாக்கின் அருமை தெரிந்தது.

1917இல் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தொடங்கியது. அன்னி பெசன்ட், மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாச ஆகியோர் முன்னின்றார்கள். முத்துலட்சுமி அதில் சேர்ந்து வேலை செய்தார். சங்கத்தின் ‘ஸ்த்ரீ தர்மா’ இதழின் ஆசிரியப் பொறுப்பையும் பின்னர் ஏற்றார். மெட்ராஸ் மாகாணத்தில் பெண்களுக்கு ஓட்டுரிமை 1921இல் கிடைத்தது. சட்டமன்றத்தில் உட்காரும் உரிமை 1926இல்தான் வந்தது. சங்கம் முன்மொழிந்த பெயர் முத்துலட்சுமியுடையது. லண்டனில் மேல்பயிற்சி முடித்துத் திரும்பியிருந்த அவர், வருமானம் தரும் மருத்துவத் தொழிலை விட்டுவிட்டு அரசியலா என்று முதலில் தயங்கினார். நண்பர்கள் வற்புறுத்திய பிறகே சம்மதித்தார். பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர் அவர்தான். உறுப்பினர்கள் ஒருமனதாக அவரைத் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுத்தார்கள்.

அந்த ஆண்டுகளை இங்கிருந்து பார்த்தால் வேறொரு காட்சி தெரியும். அவர் அவையில் பேசிக்கொண்டிருந்த அதே காலத்தில், அதே மாகாணத்தின் சேலம், திருச்சி, தஞ்சை, வட ஆற்காடு கிராமங்களிலிருந்து குடும்பங்கள் ஆவடி, நாகப்பட்டினம் முகாம்கள் வழியாகக் கப்பலேறி மலாயாவுக்கு வந்துகொண்டிருந்தன. அப்படி வந்தவர்களில் ஒரு பகுதியினர் சிரம்பான், ரந்தாவ், லுக்குட், தம்பின், பகாவ் வட்டாரத்து ரப்பர் தோட்டங்களில் குடியேறினார்கள். பொழுது விடியும் முன்பே பெரட்டுக்களத்தில் நிற்க வேண்டிய தாய், கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பால்வெட்டப் போனாள். கூட்டு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தில் பிள்ளைப்பேற்றுப் படி, தோட்டப் பள்ளி, குழந்தைக் காப்பிடம் எல்லாம் இருந்தன. ஏட்டில் இருந்தது எந்தத் தோட்டத்தில் எவ்வளவு நடந்தது என்பது வேறு கணக்கு. சட்டம் ஒரு பக்கம், பெண்ணின் கைக்கு வந்து சேர்வது இன்னொரு பக்கம். இந்த இடைவெளிதான் முத்துலட்சுமியையும் கடைசிவரை அலைக்கழித்தது.

பொட்டுக்கட்டும் வழக்கத்தை நிறுத்தச் சட்டம் வேண்டும் என்று 1927இல் அவையில் தீர்மானம் கொண்டுவந்தார். சிறுமியைக் கோயில் தெய்வத்துக்குத் தாலி கட்டி வைத்து, அதன் பிறகு அவள் வேறெவரையும் மணக்க முடியாதபடி செய்யும் வழக்கம் அது. வசதி படைத்த ஆண்களுக்கு அந்த ஏற்பாடு ஏன் இனித்தது என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தீர்மானம் நிறைவேறியது. 1929இல் அறநிலையச் சட்டத்தில் ஒரு திருத்தமும் வந்தது. கோயில் ஊழியத்துக்காகத் தரப்பட்ட மானிய நிலம், இனி ஊழியம் செய்யாவிட்டாலும் அந்தப் பெண்களுக்கே சொந்தமாகும் வழி அதில் பிறந்தது. பலர் கவனிக்காமல் விடும் இடம் இது. பெண்ணை விடுவிக்கிறோம் என்று சொல்லிவிட்டு அவள் சோற்றுக்கு என்ன செய்வாள் என்று கேட்காதவர்கள் நடுவில், அம்மையார் முதலில் நிலத்தைப் பேசினார்.

எதிர்ப்பும் பலமாக இருந்தது. காங்கிரசின் பெரும் பேச்சாளர் சத்தியமூர்த்தி, மதத்திலும் மரபிலும் கை வைப்பதாகச் சொல்லி எதிர்த்தார். அது எதிர்பார்த்ததுதான். தேவதாசிகள் தாங்களே சங்கம் கூடி அரசுக்கு மனு கொடுத்தது வேறு வகை. தங்களுக்குப் படிப்பு உண்டு, கலை உண்டு, மகள் வழிச் சொத்துரிமை உண்டு, எல்லாரையும் ஒரே தட்டில் வைத்து இழிவு செய்யலாமா என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். 1932இல் சதிர் ஆட்டத்தைப் பற்றிப் பத்திரிகைகளில் விவாதம் நடந்தபோது, மேடைக் கச்சேரியே கூடாது என்று அம்மையார் ஒரு பக்கமும், கலையை ஏன் தண்டிக்கிறீர்கள் என்று இ. கிருஷ்ண ஐயர் மறுபக்கமும் நின்றார்கள். அந்தச் சதிர்தான் பிறகு பரதநாட்டியமாகி, இன்று சிரம்பான் மண்டபங்களில் பிள்ளைகளின் அரங்கேற்றமாக நடக்கிறது. ஆட்டத்தின் மீது அம்மையார் காட்டிய கடுமை தேவைக்கு அதிகம் என்றே சொல்ல வேண்டும். ஆனால் அந்த ஆட்டத்தின் பின்னாலிருந்த சிறுமிகளை அவர் பார்த்த இடத்திலிருந்து அன்று பார்த்தவர்கள் வெகு சிலர். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் அவர்களில் ஒருவர். அவரும் அதே குலத்தில் பிறந்தவர்தான்.

1930இல் காந்தி சிறை வைக்கப்பட்டதைக் கண்டித்து முத்துலட்சுமி சட்டமன்றப் பதவியை விட்டு விலகினார். அவர் கொண்டுவந்திருந்த பொட்டுக்கட்டு ஒழிப்பு மசோதா கிடப்பில் விழுந்தது. அது சட்டமானது 1947இல், அதாவது 17 ஆண்டுகள் கழித்து. அந்தப் பதினேழு ஆண்டுகளில் கதவைத் தட்டியவர்களிடம் மசோதா நிறைவேறட்டும், பிறகு வாருங்கள் என்று சொல்லியிருக்க முடியுமா?

அவ்வை இல்லம் அப்படித்தான் வளர்ந்தது. முதலில் சொந்த வீடு, பிறகு அடையாறு. பொட்டுக்கட்டு வாழ்க்கையை விட்டு வந்தவர்கள், அனாதைக் குழந்தைகள், கணவனால் கைவிடப்பட்டவர்கள் என்று வந்தவர்கள் பலதரப்பட்டவர்கள். சாதி கேட்கவில்லை. எந்தக் குலத்தில் பிறந்தாய் என்ற கேள்விக்குத்தானே இரண்டு விடுதிகளின் கதவுகள் மூடின. சோறும் பாயும் மட்டும் கொடுத்தால் போதாது என்பதில் அம்மையார் உறுதியாக இருந்தார். பள்ளிப் படிப்பு, கைத்தொழில், ஆசிரியப் பயிற்சி, செவிலியர் பயிற்சி என்று ஒவ்வொருத்தியும் சொந்தக் காலில் நிற்கும் வழியைத் தேடினார். பொறுப்புகளைப் பெண்களிடமே கொடுத்தார். கணக்கு எழுதுவது, பிள்ளைகளைக் கவனிப்பது, நன்கொடைக்கு வீடு வீடாகப் போய் நிற்பது எல்லாவற்றையும் மாதர் சங்கத்துப் பெண்கள் இழுத்துப் போட்டுச் செய்தார்கள். கோயில் திருவிழாவுக்கோ பள்ளி விளையாட்டுப் போட்டிக்கோ தோட்டத்தில் ரசீதுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு லயம் லயமாக ஏறி இறங்கிய மாதர் பிரிவுப் பெண்களுக்கு இந்த வேலையின் அலுப்பு புரியும்.

மலேசியாவில் அடிபட்டு வெளியேறும் மனைவிமார் தங்குவதற்கென்று பெட்டாலிங் ஜெயாவில் ஒரு காப்பகம் திறக்கப்பட்டது 1982இல். குடும்ப வன்முறைச் சட்டம் வந்தது 1994இல். இங்கேயும் வீடு முதலில், சட்டம் பிறகு.

அம்மையாரின் வாழ்க்கையில் இன்னொரு காயமும் இருந்தது. தங்கை சுந்தரம்பாள் 1923இல் புற்றுநோயில் இறந்தார். வயிற்றுக்கடுப்பு என்று நினைத்துத் தொடக்கத்தில் மருந்து கொடுத்திருந்தார்கள். உண்மை தெரிந்தபோது நாள் கடந்துவிட்டது. அக்காள் டாக்டர், இருந்தும் தங்கையைக் காப்பாற்ற முடியவில்லை. அந்த நோய்க்கென்று தனி மருத்துவமனை கட்டியாக வேண்டும் என்ற எண்ணம் அன்றிலிருந்து அவரை விடவில்லை. ஆனால் அது கைகூட முப்பது ஆண்டுகள் ஆயின. அரசு வட்டாரத்தில் ஆர்வமில்லை. புற்றுநோய் வந்தால் சாவுதானே, அதற்கு எதற்கு மருத்துவமனை என்ற நினைப்புதான் அன்று எங்கும். மாதர் சங்கம் 1949இல் நிதி திரட்டத் தொடங்கியது. 1952 அக்டோபரில் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18ஆம் நாள் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளோடு திறந்தது. அன்று அங்கே இருந்தவர்கள் இரண்டு மருத்துவர்கள், இரண்டு செவிலியர்கள். மருத்துவர்களில் ஒருவர் அம்மையாரின் மகன் கிருஷ்ணமூர்த்தி. காசில்லாதவர் என்று யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்பது தொடக்கத்திலேயே வைத்த விதி.

அப்போது அம்மையாருக்கு வயது 67. மாநிலச் சமூக நல வாரியத் தலைவர் பொறுப்பும் அந்தக் காலத்தில்தான் வந்தது. 1956இல் பத்மபூஷண் கிடைத்தது. விருதுகளைப் பற்றி எழுத அதிகம் இல்லை. அவை அவரைத் தேடி வந்தபோது அவர் மருத்துவமனைக்கு நிதி சேர்ப்பதில் மும்முரமாக இருந்தார்.

1955இல் வி. சாந்தா என்ற இளம் மருத்துவர் அந்த 12 படுக்கை மருத்துவமனையில் வந்து சேர்ந்தார். அரசு மருத்துவமனையில் நல்ல வேலை காத்திருந்தது, அதை விட்டுவிட்டு வந்தார். பலருக்கு அது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. மருத்துவமனை வளாகத்திலேயே ஓர் அறையில் குடியிருந்தார். தங்கையைப் பறிகொடுத்த ஒரு பெண் தொடங்கியதை இன்னொரு பெண் வளர்த்தார்.

முத்துலட்சுமி ரெட்டி 1968 ஜூலை 22ஆம் நாள் மறைந்தார். 82 வயது நிறைய எட்டு நாள்தான் பாக்கி. தமிழ்நாட்டில் ஏழைத் தாய்மார்களுக்கு அரசு வழங்கும் பிள்ளைப்பேற்று உதவித் திட்டம் இன்று அவர் பெயரில் நடக்கிறது. சாந்தா அடையாறு வளாகத்திலேயே அறுபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, 2021 ஜனவரியில் இறந்தார். அதற்குள் 12 படுக்கைகள் பல நூறு ஆகிவிட்டிருந்தன. கொஞ்ச தூரத்தில் அவ்வை இல்லத்தில் பெண் பிள்ளைகள் இப்போதும் தங்கிப் படிக்கிறார்கள்.