உமறுப் புலவர் காட்டிய மான்

சிதம்பரத்தை அடுத்து, வெள்ளாற்றின் கழிமுகத்தில் அமைந்த பரங்கிப்பேட்டையை நீங்கள் அறிவீர்கள். சீறாப்புராணத்தின் வரலாற்றில் கடலூர் மாவட்டத்து இவ்வூருக்கும் பங்குண்டு.

17ஆம் நூற்றாண்டில் எட்டயபுரம் அரசவையில் விளங்கியவர் உமறுப் புலவர். கடிகைமுத்துப் புலவரின் மாணாக்கர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வைப் பாடுமாறு வள்ளல் சீதக்காதி அவரைத் தூண்டினார். வள்ளலின் மறைவுக்குப் பின் காப்பியத்தைத் தாங்கிய பெருந்தகை, பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரைக்காயர். நன்றி மறவாப் புலவர், அவர் புகழை நூலின் பல இடங்களில் பதித்தார்.

அக்காப்பியத்தில் மானுக்குப் பிணை நின்ற படலத்தை நினைவுகூருங்கள். வேடன் வலையில் சிக்கிய பெண்மான், கன்றுக்குப் பாலூட்டி மீள விடை கேட்கிறது. அண்ணலார் தாமே பிணை நிற்கிறார்கள். சொன்ன சொல் தவறாது மான் திரும்புகிறது; வேடன் மனம் மாறித் தீனில் இணைகிறான்.

அன்பர்களே! மானிறைச்சி நமக்கு ஆகுமானதே. உணவுக்காக வேட்டையாடுவதும் முறையானதே. ஆயினும் உயிருள்ள பிராணியைக் கட்டிவைத்து அம்புக்கு இலக்காக்குவதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். இன்று அமெரிக்காவின் டெக்சாஸ் போன்ற இடங்களில், உயர்ந்த வேலிக்குள் மான்களை வளர்த்து, பணம் பெற்றுக்கொண்டு சுடவிடுகின்றனர். தப்ப வழியற்ற உயிரைக் களிப்புக்காக வீழ்த்துவது அத்தடையின் கருத்துக்கு எத்துணை அருகில் நிற்கிறது! நம் நாட்டில் மான் வேட்டையை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. சட்டம் கையைத் தடுக்கும். உள்ளத்தைத் தடுப்பது இரக்கம் அன்றோ? உமறுவின் மான் நம் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதும் அதுவே.