வேதாளரா, மாயாவியா? பெயரும் நிறமும் மாறியும் அடையாளம் மாறாத முகமூடி: லீ ஃபால்க் கதை

குமாரபாளையத்தில் ஒரு சாயப்பட்டறைக்குச் சாம்பல் நிறம் கேட்டு நூல் அனுப்புறீங்க. திரும்பி வந்தது ஊதா. என்ன ஆகும்? விசைத்தறிக்காரர் ஒரு பக்கம், பட்டறைக்காரர் ஒரு பக்கம்னு பஞ்சாயத்து தொடங்கும். நூல் வந்த வண்டியிலேயே திரும்பிப் போகும்.

1939-ல் அமெரிக்காவில் ஒரு காமிக்ஸுக்கு இதேதான் நடந்தது. எழுத்தாளர் மனசில் இருந்தது சாம்பல், அச்சாகி வந்தது ஊதா. ஆனா சரக்கு திரும்பிப் போகலை. அந்த ஊதா உடையோடதான் ஃபேன்டம் இன்னைக்கு வரைக்கும் குதிரை ஓட்டிக்கிட்டு இருக்கார்.

சொந்தமா காமிக்ஸ் வெளியிடணும்னு நினைக்கிற பலர் முதலில் செய்வது லோகோ, நிறம், எழுத்துரு எல்லாம் அடங்கிய ஒரு விதிப் புத்தகம். பிராண்ட் கைட்லைன்னு சொல்வோமே, அதுதான். அப்படி ஒரு புத்தகமே இல்லாமல் உலகம் முழுக்கத் தெரிந்த ஒரு அடையாளத்தை உருவாக்கியவர் லீ ஃபால்க்.

யார் இவர்?

1911 ஏப்ரல் 28-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் பிறந்தவர். இயற்பெயர் லியான் ஹாரிசன் கிராஸ். இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதே மாண்ட்ரேக் என்ற மந்திரவாதியை யோசித்துவிட்டார். முதல் சில வாரப் படங்களை அவரே வரைந்தார். பிறகு ஓவியத்தை ஃபில் டேவிஸிடம் ஒப்படைத்தார். கிங் ஃபீச்சர்ஸ் சிண்டிகேட் அதை வாங்க, 1934 ஜூன் 11-ல் மாண்ட்ரேக் பத்திரிகைகளில் வந்தது. அப்போ ஃபால்க்குக்கு வயசு 23.

இங்கே ஒரு சுவாரஸ்யம். தொலைதூர நாடுகளில் நடக்கும் கதை எழுதுறவர் ஊர் சுற்றியவரா இருக்கணும் இல்லையா? அதனால விளம்பரத்துக்காகத் தன்னை உலகம் சுற்றிய ஆளாகச் சொல்லிக்கொண்டார். உண்மையில் அதுவரை அவர் அமெரிக்காவைத் தாண்டியதில்லை. பொய் வெளியே வருவதற்குள் நிஜமாகவே ஊர் சுற்ற ஆரம்பித்துவிட்டார். முதல் பிராண்டிங் அவருக்கு அவரே செய்துகொண்டதுதான்.

சாம்பல் ஊதா ஆனது எப்படி?

1936 பிப்ரவரி 17-ல் ஃபேன்டம் அறிமுகம். சூப்பர்மேன் வருவதற்கு ரெண்டு வருஷம் முன்னாடி. உடலோடு ஒட்டிய உடை, கருவிழி தெரியாத முகமூடி என்று பின்னால் வந்த பல சூப்பர் ஹீரோக்களின் தோற்றத்துக்கு வழி போட்டது இந்த உருவம்தான். கிரேக்கச் சிலைகளில் கருவிழி இருக்காது. அதைப் பார்த்துத்தான் அந்த வெற்றுக் கண்கள் பிறந்தன.

தினசரிகளில் வந்தது கறுப்பு வெள்ளைப் படம். அதனால உடை என்ன நிறம் என்ற கேள்வியே எழவில்லை. ஃபால்க் நினைத்திருந்தது சாம்பல். கிரே கோஸ்ட், அதாவது சாம்பல் பேய் என்றே பெயர் வைக்கக்கூட யோசித்திருக்கிறார். 1939 மே மாதம் ஞாயிறு வண்ணப் பக்கம் தொடங்கியபோது அச்சில் விழுந்தது ஊதா.

மற்ற நாடுகளில் இன்னும் பெரிய குழப்பம். இத்தாலியிலும் பிரேசிலிலும் சிவப்பு. ஸ்வீடனில் நீலம். அந்தந்த ஊர் பதிப்பகம் தனக்குத் தோன்றிய நிறத்தை ஊற்றியது.

ஃபால்க் என்ன செய்தார்? ஊதாவைக் கதைக்குள்ளேயே இழுத்துக்கொண்டார். காட்டுப் பழத்தின் சாறில் சாயம் ஏற்றிய துணி அது என்று பிறகு ஒரு காரணம் எழுதிவிட்டார். அச்சில் நடந்த பிசகு கதையின் சரித்திரமாகிவிட்டது.

தமிழில் இன்னொரு குழப்பம்

நிறம் போகட்டும், பெயராவது ஒன்றா? அதுவும் இல்லை. 1972-ல் தொடங்கிய முத்து காமிக்ஸ் வாசகர்களுக்கு இவர் வேதாளர். தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸ் வாசகர்களுக்கு இவர் மாயாவி. ஆனா முத்து காமிக்ஸில் மாயாவி என்றால் அது இரும்புக்கை மாயாவி, முற்றிலும் வேற ஆள்! இன்றைக்கும் ரெண்டு பழைய வாசகர்கள் உட்கார்ந்து மாயாவி பற்றிப் பேசினால், எந்த மாயாவி என்று முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியிருக்கும்.

1964-ல் டைம்ஸ் குழுமம் தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸ் ஊர் பெயரையே மாற்றியது. ஃபேன்டம் வாழும் பெங்கல்லா என்ற கற்பனை நாடு நம்ம வங்காளத்தை நினைவுபடுத்தும் என்பதால் அது டெங்காலி ஆனது.

அப்போ மாறாதது எது?

பெயர் மாறியது, நிறம் மாறியது, ஊர் மாறியது. வரைந்தவர்களும் மாறினார்கள். ரே மூர், வில்சன் மெக்காய், சை பேரி என்று ஒவ்வொருவர் கோடும் வேற மாதிரி. ஆனாலும் படத்தைப் பார்த்ததும் ஆள் யார் என்று தெரிந்துவிடும். காரணம், ஃபால்க் வைத்த சில காட்சி விதிகள்.

முகமூடிக்குள் கண் தெரியக் கூடாது. முகமூடியைக் கழற்றினாலும் வாசகர் முகத்தைப் பார்க்க முடியாது. ஊருக்குள் போகும்போது தொப்பி, கறுப்புக் கண்ணாடி, நீளக் கோட்டு. வலது கை மோதிரத்தில் மண்டை ஓடு; அடி வாங்கிய வில்லன் தாடையில் அந்த அச்சு நிரந்தரமாகப் பதியும். இடது கை மோதிரத்தில் இன்னொரு சின்னம். அது இருக்கும் இடம் அவர் பாதுகாப்பில் இருக்கிறது என்று அர்த்தம்.

கவனிச்சீங்களா? அந்த ரெண்டு சின்னங்களும் அட்டையில் ஒட்டி வைத்த லோகோ இல்லை. கதைக்குள் வேலை செய்கிற லோகோ. அதனாலதான் மொழி பெயர்த்தாலும் அவை தொலைந்து போகவில்லை. பப்புவா நியூ கினியின் மலைப்பகுதியில், சண்டைக் கேடயங்களில் ஃபேன்டம் உருவத்தை வரைந்து வைத்திருக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக மகன் தந்தையின் முகமூடியை ஏற்பதால் சாகாத மனிதன் என்று பெயரெடுத்த ஹீரோ. உயிரைக் காக்கும் கேடயத்துக்கு வேற என்ன படம் வேணும்?

மாற்றியே ஆக வேண்டியது

எல்லாவற்றையும் அப்படியே காப்பாற்றுவதும் சரியில்லை. மாண்ட்ரேக்கின் துணைவன் லோதாரை எடுத்துக்குங்க. ஆப்பிரிக்க இளவரசன். ஆனால் ஆரம்பத்தில் சிறுத்தைத் தோல் உடுத்தி, உடைந்த ஆங்கிலம் பேசும் வேலைக்காரன் போலத்தான் வந்தார். அன்றைய வெள்ளையர் பார்வை அது. ஃபில் டேவிஸ் மறைவுக்குப் பிறகு 1965-ல் ஃப்ரெட் ஃப்ரெடெரிக்ஸ் ஓவியராக வந்தபோது லோதாரின் உடையும் பேச்சும் மாறின. சமமான நண்பனாக நின்றார். பழகிய தோற்றம் போய்விடுமே என்று தயங்கியிருந்தால், அந்த அவமானமும் சேர்ந்து தொடர்ந்திருக்கும்.

ஃபேன்டம் மேல் அந்தக் கேள்வி இன்னும் இருக்கிறது. காட்டு மக்களைக் காப்பாற்ற ஏன் ஒரு வெள்ளைக்காரர் வரணும்? கண்ணைக் கவரும் முகமூடி அதற்குப் பதில் ஆகாது.

யாருக்குச் சொந்தம்?

ஃபால்க் நாடக மேடையிலும் வாழ்ந்தவர். சுமார் 300 நாடகங்களைத் தயாரித்திருக்கிறார். ஆனாலும் 1999 மார்ச் 13-ல் நியூயார்க்கில் இறக்கும் வரை, 60 வருஷத்துக்கும் மேலாகத் தன் ரெண்டு காமிக்ஸ் தொடர்களையும் எழுதிக்கொண்டே இருந்தார். பாதியில் நின்ற கடைசிக் கதையை முடிக்க அவர் மனைவி எலிசபெத் உதவினார்.

ஆனால் அந்தக் கதாபாத்திரங்களின் உரிமை கிங் ஃபீச்சர்ஸ் கையில். ஆஸ்திரேலியாவில் ஃப்ரூ என்ற சின்னப் பதிப்பகம் 1948-ல் இருந்து ஃபேன்டம் இதழை நடத்துகிறது. அதுவும் உரிமம் வாங்கித்தான். விதிகளை உருவாக்கியவர் ஒருத்தர், உரிமையாளர் வேறொருத்தர். சொந்தமாக காமிக்ஸ் போடுகிறவர்கள் நிறம் தேர்ந்தெடுப்பதற்கு முன்னாடியே ஒப்பந்தத்தைப் படிக்க வேண்டியது இதனால்தான்.

குமாரபாளையத்தில் ஹாஸ்டல் ரூமில் உட்கார்ந்து டேப்லெட்டில் ஹீரோ வரையுற ஒருத்தருக்கு இந்த வாழ்க்கையில் ஒரு எளிய சோதனை இருக்கு. உங்க ஹீரோவின் பெயரை அழிச்சுடுங்க. நிறத்தை எடுத்துட்டு வெறும் கறுப்பு வெள்ளையாக்குங்க. வேற ஒருத்தர் கையில் கொடுத்து வரையச் சொல்லுங்க. அப்பவும் பார்க்கிறவங்களுக்கு ஆள் யார்னு தெரிஞ்சா, உங்க கைட்லைன் ரெடி. தெரியலைன்னா, லோகோவை அப்புறம் பார்த்துக்கலாம். முதலில் கதைக்குள்ள போங்க.