ஜோசப் சேம்பர்லேன்: மதுக்கடைக்கு இசைவு தருவார் யாவர்?

ஒரு தெருவில் மதுக்கடை தோன்றுமாயின், அதன் ஊதியம் ஒருவர்க்கும் அதன் இன்னல் பலர்க்கும் உரியனவாகின்றன. நள்ளிரவில் அக்கடை வாயிலில் எழும் பூசலால் உறக்கம் இழப்பவர் அண்டை வீட்டார். வாரக் கூலி முழுதும் அங்கே கரைந்துபோக, அடுப்பு மூட்ட வகையின்றி நிற்பவள் தொழிலாளியின் மனைவி. அங்ஙனமிருக்க, அக்கடையை அவ்விடத்தில் வைக்கலாமா, வேண்டாவா என்று தீர்க்கும் உரிமை யாருடையது? விற்பவனுடையதா, எங்கோ அமர்ந்து ஆணையிடும் அதிகாரியினுடையதா, அன்றி அவ்வூரில் வாழும் மக்களுடையதா? இவ்வினாவை ஒரு பெரு நாட்டின் பாராளுமன்றத்தில் எழுப்பித் தோல்வியுற்ற ஒருவரது வரலாற்றை ஈண்டு எழுதப் புகுகின்றோம். அவர் ஜோசப் சேம்பர்லேன் என்பார். நம் சங்கத்து அன்பர்கள் அவரைக் குடியேற்ற நாட்டு மந்திரியாகவே பெரும்பாலும் அறிந்திருத்தல் கூடும். அவர் ஒரு நகரத்துக்குச் செய்த தொண்டே முதற்கண் கற்றற்குரியது என்பது எம் துணிபு.

சேம்பர்லேன் 1836-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 8-ஆம் நாள் லண்டன் நகரின் ஒரு பகுதியாகிய கேம்பர்வெல்லில் பிறந்தார். தந்தையார் காலணி வணிகர். குடும்பத்தார் யூனிட்டேரியன் என்னும் சமயப் பிரிவினர். அரசாங்கத் திருச்சபையைச் சாராதவர். இளைஞர் 16 வயதளவும் பள்ளியிற் பயின்று, பின்னர்த் தந்தையாரின் தொழிலிலேயே அமர்ந்தார். பல்கலைக் கழகத்தின் வாயிலை அவர் மாணாக்கராக மிதித்தாரல்லர். 1854-இல் அவர்க்கு 18 வயது நிரம்பிய காலத்தில், பர்மிங்காம் நகரில் அம்மானாகிய நெட்டில்போல்டு என்பார் நடத்திய திருகாணித் தொழிற்சாலைக்கு அனுப்பப்பெற்றார். அங்கே கணக்கும் வாணிகமும் அவர் கையில் வளர்ந்தன. திருகாணி வாணிகத்தின் பெரும்பகுதி அத்தொழிற்சாலைக்கே உரியதாயிற்று. 20 ஆண்டுகள் உழைத்துப் பெரும் பொருளீட்டிய பின், 1874-இல் தம் பங்கினை விற்றுவிட்டு வாணிகத்தினின்றும் முற்றும் விலகினார். எஞ்சிய வாழ்நாளைப் பொதுப்பணிக்கே உரியதாக்கினார்.

அவர்தம் இல்லறம் துன்பம் மிகுந்தது. 1861-இல் மணந்த முதல் மனைவியார், 1863-இல் ஆஸ்டன் என்னும் மகவை ஈன்ற சின்னாட்களில் இறந்தார். 1868-இல் மணந்த இரண்டாம் மனைவியாரும் 1875-இல் மகப்பேற்றின்போதே உயிர் நீத்தார். அவ்வாண்டிலேயே அன்னையாரும் மறைந்தார். நகரத் தலைமையில் அமர்ந்திருந்த காலத்தே இவ்விடர்கள் நேர்ந்தன. துயரத்தை நெஞ்சில் அடக்கி நகரின் பணியில் மேலும் ஆழ்ந்தார். பின்னாளில் ஆஸ்டன் சமாதானத்துக்குரிய நோபல் பரிசினராகவும், இரண்டாம் மனைவியாரின் மைந்தர் நெவில் 1937 முதல் 1940 வரை இங்கிலாந்தின் முதல் மந்திரியாகவும் விளங்கினர்.

இனி, அவர் தொண்டாற்றிய நகரின் நிலையைக் கூறுவாம். பர்மிங்காம் தொழில் பெருகிய நகரம். ஆயினும் அதன் நகராண்மைக் கழகம் நெடுங்காலம் செலவுக்கு அஞ்சியே காலங் கழித்தது. 1850-களில் அக்கழகத்தில் செல்வாக்குற்றிருந்த கூட்டத்தார் உட்மன் என்னும் மதுச்சாலையிற் கூடியே நகர்க் காரியங்களை ஆராய்ந்து வந்தனர். குடிப்பார் கூடும் இடமே ஊராள்வார் கூடும் இடமாக இருந்தவாறு காண்க! வரி ஒரு காசும் ஏறலாகாது என்பதே அவர்தம் கொள்கை. அதன் பயனாகச் சாக்கடைகள் சீர்படவில்லை. கிணற்று நீர் கெட்டது. நெருங்கிய குடிசைகளில் நோய் மலிந்தது.

சேம்பர்லேன் 1869-இல் அக்கழகத்தின் உறுப்பினரானார். 1873 நவம்பரில் மேயரானார். பின்னும் இருமுறை அப்பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். தெருவிளக்குக்கும் வீட்டுக்கும் வாயு விற்றுவந்த தனியார் கம்பெனிகள் இரண்டனையும், அடுத்து நீர் வழங்கி வந்த கம்பெனியையும் நகரத்தின் உடைமையாக்கினார். இவற்றிடையே அவர் கண்ட வேறுபாடு நுட்பமானது. வாயுவால் வரும் ஊதியம் நகர்ப் பொதுநிதிக்குச் சேரலாம். நீரோ உயிர்க்கு இன்றியமையாதது, அதனால் ஊதியம் ஈட்டுதல் தகாது என்றார். பின்னர் நகரின் நடுவே நோய் மலிந்த குடிசைகளை அகற்றி அகன்ற பெருந்தெரு அமைக்கும் திட்டத்தைத் தொடங்கினார். 1876 ஜூனில் பாராளுமன்ற உறுப்பினராகி மேயர் பதவியை நீத்தார்.

வாயுவும் நீரும் நகரத்தார் கைக்கு வந்தன. மதுவோ அவர் கைக்கு எட்டாததாகவே இருந்தது. அதன் காரணத்தைச் சிறிது விரித்துரைப்பாம். இங்கிலாந்தில் மதுக்கடைக்கு லைசென்சு வழங்கும் அதிகாரம் 1552-ஆம் ஆண்டுச் சட்டத்தால் மாஜிஸ்திரேட்டுகளிடம் ஒப்புவிக்கப்பட்டது. அவர்கள் மேலிடத்தால் நியமிக்கப்பெற்றவர், ஊராரால் தேர்ந்தெடுக்கப்பெற்றவரல்லர். 1830-இல் வேறொரு சட்டம் பிறந்தது. வரி செலுத்துவோர் எவரும் 2 கினி கட்டணம் கட்டி, மாஜிஸ்திரேட்டின் இசைவின்றியே பீர்க்கடை திறக்கலாம் என்று அது விதித்தது. நாடெங்கும் பல்லாயிரம் கடைகள் முளைத்தன. அக்கடைகள் மீண்டும் மாஜிஸ்திரேட்டுகளின் ஆட்சிக்கு வந்தது 1869-இல்தான். இதனிடையே 1860-இல் மளிகைக் கடைக்காரரும் திராட்சை மதுவைப் புட்டியில் விற்கலாம் என்று சட்டம் இயன்றது. உப்பும் சர்க்கரையும் வாங்கச் செல்லும் கடையிலேயே மதுவும் கிடைப்பதாயிற்று.

இக்கேட்டினைக் களைய முயன்றோர் இல்லாமலில்லை. வில்பிரிடு லாசன் என்னும் பாராளுமன்ற உறுப்பினர், வரி செலுத்துவோரில் மூன்றில் இரு பங்கினர் விரும்பின் அவ்வட்டாரத்தில் மதுவிற்பனையை முற்றும் ஒழிக்க இடந்தரும் மசோதாவை 1864 முதற்கொண்டு பன்முறை கொணர்ந்தார், பன்முறையும் தோற்றார். சேம்பர்லேன் அவ்வழியை மேற்கொண்டிலர். குடியை ஒரே நாளில் வேரறுக்கும் சட்டத்தைப் பெருநகரத்து மக்கள் ஏலார் என்று எண்ணினார். நோயின் மூலம் வேறிடத்தில் உளதென்று கண்டார். மிகுதியாக விற்பவனுக்கு மிகுதியாக ஊதியம் கிடைக்குமளவும், அவன் குடிப்பவனை மேலும் குடிக்கத் தூண்டுவான். ஆதலின் விற்பவனுக்கு விற்பனையால் ஊதியம் இல்லாதபடி செய்தல் வேண்டும் என்பதே அவர்தம் ஆராய்ச்சியின் முடிவு.

இம்முறை நடைபெறும் இடம் ஒன்று உண்டெனக் கேள்வியுற்று, 1876-இல் நண்பர் ஜெசி காலிங்சு என்பாருடன் சுவீடன் நாட்டுக்குச் சென்றார். அங்கே கோட்டன்பர்க் நகரில் 1865 முதல் ஒரு புதுமுறை வழங்கி வந்தது. சாராயக்கடை லைசென்சுகளை நகரத்தார் தனித்தனி வணிகர்க்குத் தாராமல் ஒரு பொதுநலக் கம்பெனிக்கே அளித்தனர். பங்குதாரர்க்கு வரையறுத்த சிறு வட்டியே உண்டு. மிகுந்த ஊதியம் நகர்ப் பொதுநிதிக்குச் செல்லும். கடையை நடத்துபவர் உணவும் காப்பியும் விற்றுப் பொருள் பெறலாம். சாராயத்தால் அவர்க்கு ஒரு காசும் வாராது. கடைகளின் தொகையும் குறைக்கப்பட்டது. பீர் இவ்வேற்பாட்டுள் அடங்காமை ஒரு குறையே. ஆயினும் ஆராய்ந்தவர்க்கு வழிகாட்டியாக அமைந்தது.

மீண்ட சேம்பர்லேன் வாளா இருந்தாரல்லர். 1877 ஜனவரியில் பர்மிங்காம் நகராண்மைக் கழகம் இம்முறையை வரவேற்றுத் தீர்மானம் நிறைவேற்றியது. அவ்வாண்டு மார்ச்சு 13-ஆம் நாள் காமன்ஸ் சபையில் தீர்மானம் ஒன்றை முன்மொழிந்தார். தம் எல்லையிலுள்ள லைசென்சுகளைத் தக்க ஈடு கொடுத்து வாங்கவும், கடைகளைக் குறைக்கவும், எஞ்சியவற்றைத் தனியொருவர்க்கு ஊதியமின்றி நடத்தவும் நகராண்மைக் கழகங்கட்கு அதிகாரம் வேண்டும் என்பது அதன் சாரம். மது வணிகர் இதனைத் தம் பிழைப்புக்கு உலை என்றனர். மதுவிலக்கினருட் பலரோ, ஊராட்சியே சாராயம் விற்பதா என்று முகஞ் சுளித்தனர். ஆதரவாக 51 வாக்குகளும் எதிராக 103 வாக்குகளும் விழுந்தன. தீர்மானம் தோற்றது.

மதுவிலக்கினர் மறுப்பில் பொருளில்லை என்று யாம் கூறமாட்டோம். மதுவால் வரும் பொருள் பொதுநிதியிற் சேருமாயின், நாளடைவில் அந்நிதியே மதுவை விரும்பத் தொடங்கும். பள்ளிக்கும் சாலைக்கும் அப்பொருளை எதிர்நோக்கும் ஆட்சியாளர் கடையை மூட எங்ஙனம் மனங்கொள்வர்? நீரால் ஊதியம் ஈட்டலாகாது என்ற அறிஞர், மதுவின் ஊதியத்தைப் பொதுநிதிக்கு உரியதாக்கத் துணிந்தது ஆராயத்தக்கது. ஆயினும் அவர் பிடித்த முதல் நூல் நேரானதே: தீர்ப்பவர் அவ்வூரவர்க்குப் பொறுப்புடையவராதல் வேண்டும், தீர்ப்பினால் தாமே பொருள் பெறுபவராதல் கூடாது.

இனி அவர்தம் வாழ்வின் மறுபுறத்தையும் மறையாது கூறுதல் எம் கடன். அவர் 1886-இல் அயர்லாந்து பற்றிய பிணக்கால் கிளாட்ஸ்டனைப் பிரிந்தார். 1895-இல் குடியேற்ற நாட்டு மந்திரியானார். தென்னாப்பிரிக்கப் போரில் பெரும் பங்கு கொண்டார். நெட்டாலில் 1860 முதற்கொண்டு ஒப்பந்தக் கூலிகளாய்ச் சென்ற நம் தமிழ் மக்கள் பலர் வாழ்ந்தனர் என்பது யாவரும் அறிந்ததே. 1896-இல் அந்நாட்டார் இந்தியர்க்கு வாக்குரிமை அடைபடும்படி இயற்றிய சட்டம் சேம்பர்லேன் மந்திரியாயிருந்த காலத்தே இசைவு பெற்றது. போர் முடிந்தபின் அவர் தென்னாப்பிரிக்காவுக்குச் சென்றபோது, காந்தியடிகள் இந்தியருடன் டர்பன் நகரில் அவரைக் கண்டு குறைகளை விண்ணப்பித்தார். தன்னாட்சி பெற்ற நாடுகளில் லண்டன் அரசாங்கம் தலையிடுதல் அரிது, அங்குள்ள ஐரோப்பியரின் நல்லெண்ணத்தைத் தேடிக்கொள்ளுங்கள் என்பதே அவர் கூறிய விடையின் கருத்து.

பர்மிங்காமில் அறமாயிருந்த கொள்கை டர்பனில் மறமாயிற்றே! ஊராரே தீர்க்கட்டும் என்பது நல்ல நெறிதான். ஆனால் ஊரார் எனப்படுவார் யாவர்? ஊரில் வாழ்வோருட் பாதிப்பேரின் வாயைக் கட்டிவிட்டு எஞ்சியோர் தீர்ப்பது ஊரின் தீர்ப்பு ஆகாது. இக்குறை பர்மிங்காமிலும் இல்லாமலில்லை. வரி செலுத்தும் கன்னியரும் கைம்பெண்டிரும் 1869 முதல் நகர்த் தேர்தலில் வாக்களிக்கலாம். கணவனுடன் வாழும் மனைவிக்கோ அவ்வுரிமை இல்லை. குடியனின் கொடுமையை ஒவ்வொரு நாளும் பொறுத்தவளுக்கே கடையைப் பற்றிச் சொல்ல வாயில்லை. இதனினும் பெரிய முரண் வேறு உண்டோ?

1906 ஜூலையில் சேம்பர்லேனின் 70-ஆம் பிறந்தநாளைப் பர்மிங்காம் பெருவிழாவாகக் கொண்டாடியது. விழா முடிந்த சின்னாட்களில் அவர் வாத நோயால் வீழ்ந்தார். நாவன்மைக்குப் பெயர் பெற்றவர் பேச்சுத் தளர்ந்து எட்டாண்டு கழித்தார். 1914 ஜூலை 2-ஆம் நாள் உயிர் துறந்தார். நாட்டுப் பெரியார் துயிலும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் இடந்தர முன்வந்தும் குடும்பத்தார் ஏலாது, அவர் தொண்டாற்றிய பர்மிங்காமிலேயே அடக்கம் செய்தனர்.

அவர் எழுப்பிய வினா அவருடன் அடங்கவில்லை. 1888-இல் லைசென்சு அதிகாரத்தை மாவட்டக் கழகங்கட்கு மாற்ற எழுந்த மசோதாப் பகுதியும் கைவிடப்பட்டது. முதல் உலகப் போரின்போது, 1916-இல், கார்லைல் வட்டாரத்து மதுக்கடைகளை அரசாங்கமே வாங்கி 1970-களின் தொடக்கம் வரை நடத்தியது. ஈற்றில் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்து, 2005 நவம்பர் முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் லைசென்சு வழங்கும் அதிகாரம் ஊராட்சிக் கழகங்கட்கு வந்தது. சேம்பர்லேன் தோற்ற நாளிலிருந்து அதற்கு 128 ஆண்டுகள் சென்றன.

அம்முறை இது: கடைக்காரர் விண்ணப்பித்தவுடன் அக்கடை வாயிலில் அறிவிப்பு ஒட்டப்படும். 28 நாட்களுக்குள் எவரும் தம் மறுப்பை எழுதி அனுப்பலாம். தக்க மறுப்பு வருமாயின் உறுப்பினர் மூவர் கொண்ட குழு இருதிறத்தார் கூற்றையும் கேட்டுத் தீர்க்கும். குற்றம் தடுத்தல், பொதுமக்கள் பாதுகாப்பு, தொல்லை தடுத்தல், குழந்தைகளைக் கேட்டினின்று காத்தல் என்னும் நான்குமே அவர்கள் நோக்கற்பாலன. மறுப்பு ஒன்றும் வாராதாயின் லைசென்சு வழங்கியே ஆகல் வேண்டும்.

அன்பர்காள், இவ்விறுதி விதியை ஊன்றி நோக்குமின். சட்டம் ஊரார்க்கு வாயிலைத் திறந்து வைக்கின்றது. அதனுள் நுழைதல் ஊராரின் கடமையாகவே நிற்கின்றது. ஒட்டிய அறிவிப்பைக் கண்டும் காணாதார் போற் செல்வோர், அக்கடைக்குத் தம் இசைவை வாய் திறவாமலே தந்தவராகின்றனர். சேம்பர்லேன் ஈட்டிய பொருளும் பதவியும் போயின. நகரத்தார்க்கு அவர் கேட்ட உரிமை, அவர் காணாத காலத்தில், மற்றொரு வடிவில் பலித்தது. உரிமையைப் பெறுதற்கு ஒருவர் உழைப்புப் போதும். அதனை வாழவைத்தற்கோ ஊர் முழுதும் விழித்திருத்தல் வேண்டும். அவ்வூரில், அடுப்பின் முன் அமர்ந்து கணவனை எதிர்நோக்கும் பெண்ணும் ஒருத்தி என்பதை மறவாதிருப்போமாக.