ஸ்படிக சாஸ்திரத்தின் தந்தை

உப்பும் கற்கண்டும் நாம் நாள்தோறும் காணும் பொருள்களே. அவற்றின் துணுக்குகள் தத்தமக்குரிய முகங்களோடு விளங்குவதன் காரணத்தை ஆராய்ந்து, ஸ்படிக சாஸ்திரத்துக்கு அடிகோலிய பிரெஞ்சுக் குருவானவராகிய ரெனே ஜூஸ்த் அயுயியின் சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கமாக வரைவோம்.

இவர் 1743ஆம் ஆண்டு ஸான்-ஜூஸ்த் என்னும் சிற்றூரில் ஏழை நெசவாளி ஒருவருக்கு மகனாகப் பிறந்தார். மடத்துத் துறவிகள் சிறுவனது கூர்மதியைக் கண்டு கல்வி புகட்டினர். பின்னர் இவர் பாரிஸ் நகரில் பயின்று, குருப்பட்டம் பெற்று, கலாசாலை ஆசிரியராய் அமர்ந்தார். பார்வையற்றோர்க்குக் கல்விச்சாலை நிறுவிய வாலன்தீன் அயுயி இவர்தம் தம்பியாராவர்.

ஒருநாள் நண்பர் ஒருவர் சேர்த்து வைத்திருந்த கற்களைப் பார்வையிடுகையில், சுண்ணாம்பு ஸ்படிகம் ஒன்று இவர் கைதவறி வீழ்ந்துடைந்தது என்பர். ஆறு பட்டைகளோடு தூண்போலிருந்த அது, சாய்சதுர முகங்களையுடைய துண்டுகளாகப் பிளந்து கிடந்தது. இவர் தம்மிடமிருந்த வேறு வடிவமுள்ள சுண்ணாம்பு ஸ்படிகங்களையும் உடைத்து நோக்கினார். யாவும் அதே வடிவத் துண்டுகளையே தந்தன. ஆகவே, ஒரே வடிவமுள்ள நுண்ணிய கட்டிகள் வரிசை வரிசையாய் அடுக்கப்பெற்றே ஸ்படிகம் அமைகிறதெனத் துணிந்து, 1784இல் நூல் வெளியிட்டார். ஸ்படிகத்தின் முகங்கள் அச்சுகளை வெட்டும் நீளங்களை அவ்வவ்வச்சின் அலகால் அளப்பின், அவை சிறு முழு எண்களின் விகிதத்தில் அமையும் என்பதே இவர் வகுத்த விதியின் சாரம்.

பிரெஞ்சுப் புரட்சியின்போது, குருமார் செய்யவேண்டுமென விதிக்கப்பட்ட சத்தியப் பிரமாணத்தைச் செய்ய மறுத்தமையால், 1792இல் இவர் சிறைப்பட்டார். மாணவர் ழொப்ருவா ஸாந்திலேர் முயன்று இவரை விடுவித்தார். செப்டம்பர் மாதத் தொடக்கத்தில் பாரிஸ் சிறைகளிலிருந்த குருமார் பலர் கொல்லப்பட்டனர். தப்பிப் பிழைத்தவர் அஞ்சி ஒடுங்கினாரல்லர். மறு ஆண்டில் லவாசியே சிறைப்பட்டபோது அவர்பொருட்டு அதிகாரிகளுக்கு விண்ணப்பித்தார். 1801இல் கனிமவியல் பெருநூலை வெளியிட்டு, 1822இல் வறுமையிலேயே உயிர்நீத்தார்.

இவர் விதிக்கு அடங்காத கனிமமும் பின்னர்த் தோன்றிற்று. காலவரைட் என்னும் பொன் கனிமத்தின் முகங்களை மூன்று சிறு எண்களால் குறிக்கவியலாமை கண்டு 1931இல் ஆராய்ச்சியாளர் திகைத்தனர். அதன் அணுவரிசையின்மீது ஓர் அலை ஓடுவதும், அவ்வலையின் நீளம் வரிசையின் இடைவெளியோடு எந்த முழு எண் விகிதத்திலும் பொருந்தாமையும் பின்னரே தெளிவாயின. ஒருங்கு புறப்பட்ட இருவரின் அடிகள் மீண்டும் ஒருகாலும் ஒத்து விழாமை போன்றதே இது. உலோகமும் கரிம மூலக்கூறுகளும் கூடிய பெரோவ்ஸ்கைட் சேர்மங்களிலும் இத்தன்மை காணப்படுகிறது. மெதில் அம்மோனியம் ஈய புரோமைடு, பூஜ்யத்துக்குக் கீழ் ஏறக்குறைய 120 பாகைக் குளிரில் இந்நிலையடைகிறது.

இதனால் அயுயியின் விதி பொய்த்ததோவெனின், அன்று. மூன்று எண்களோடு நான்காவதொன்றைச் சேர்த்தவுடன் காலவரைட்டின் முகங்களும் சிறு முழு எண்களுக்கு அடங்கினமையை 1985இல் அறிஞர் காட்டினர். விதி அழிந்திலது, விரிந்தது. உடைந்த கல்லை எறிந்துவிடாது உற்றுநோக்கிய அப்பெரியாரின் பொறுமையே, விதிக்கு ஒவ்வாத கல்லை ஒதுக்காது ஆராய்ந்த பின்னோரிடத்தும் விளங்கிற்று. அப்பொறுமை நம்மிடத்தும் வளர்வதாக.